இறைத்த குளம்

ஏப்ரல் 15, திங்கள்

இந்தக் கொப்பியைத் தந்தது யூலியா. என்னுடைய மனுசனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். ஒவ்வொரு நாளும் இவர் எதைப் பார்த்தார், எதற்கு முகம் மாறியது, என்ன சத்தம் வந்தது என்று எழுதட்டாம். என்னுடைய மொழியிலேயே எழுதலாமாம், பிறகு வாயால் சொன்னால் போதுமாம். எழுத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. கடைசியாக நான் பக்கக் கணக்கில் எழுதியது ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்கு.

சரி. மார்ச் 27 காலை, சவரம் செய்துகொண்டு நின்ற மனுசன் குளியலறையில் விழுந்தார். மூளையில் இரத்தக் கட்டி. வலது கை எழும்பவில்லை. கால் மெல்லத் திரும்பி வருகிறது. பேச்சு முழுதாகப் போய்விட்டது. நாங்கள் சொல்வது எல்லாம் விளங்குகிறதாம். சொற்கள் உள்ளே இருக்கின்றன, வெளியே வருகிற வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது என்றார் டாக்டர். முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அதற்குள் ஒரு சொல்லாவது வந்தால் நம்பிக்கை வைக்கலாம், வராவிட்டால் கஷ்டம் என்றும் சொன்னார். வராது என்று யாரும் என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொன்னால் நான் சும்மா விடமாட்டேன்.

இன்று: என்னைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். சத்தம் இல்லை.

ஏப்ரல் 18

அவருக்கு எதில் விருப்பம் என்று யூலியா கேட்டாள். மீனில் என்றேன். சாப்பிடவா என்றாள். சாப்பிடுகிற விருப்பம் என்றால் எனக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல்?

நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், எங்களுக்கு ஒரு வாடகைத் தோட்டம் இருக்கிறது. மாடி வீட்டில் இருப்பவர்கள் இங்கே இப்படித் துண்டு நிலம் எடுத்துப் பூவும் காயும் வைப்பார்கள். நான் கத்தரியும் வெண்டியும் போடலாம் என்று இருந்தேன். இவர் பாதி நிலத்தைத் தோண்டி, கறுப்பு ரப்பர் விரித்து, இடுப்பளவு ஆழத்தில் ஒரு குளம் கட்டினார். அதற்குள் ஏழு ஷ்லையே. இந்த நாட்டுக் குளிர் தண்ணீரில் வாழ்கிற மீன். ஏழு என்று இவர்தான் சொல்வார். ஆறு வருசத்தில் நான் ஒன்றையும் முழுதாகக் கண்டதில்லை. கலங்கல் தண்ணீருக்குள் எங்கேயோ அடியில் கிடக்கும்.

"கண்ணுக்குத் தெரியாத மீனை ஏனப்பா வளக்கிறியள்? தங்கமீன் ரெண்டு விடலாமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுகள் தங்கட பாட்டுக்கு இருக்குதுகள். நீர் உம்மட பாட்டுக்கு இரும்" என்றார்.

இன்னொரு தரம், ஒன்றைப் பிடித்துத் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைப்போமா என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இரண்டு நாள் பேசாததற்கே அப்போது நான் மகள் துவாரகாவுக்கு ஃபோன் எடுத்து முறையிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

வேலை முடிந்து தோட்டத்துக்குப் போனேன். முதியோர் இல்லச் சமையலறையில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு. மீனுக்கு என்ன தீன், எவ்வளவு, எப்போது, ஒன்றும் எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தன் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். இப்போது அந்தத் தலையைப் பூட்டித் திறப்பைத் தொலைத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்து ஃப்ராவ் நோவாக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எழுபது வயது மனுசி, ஒற்றை ஆள், எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருப்பவர். "தண்ணீர் குளிராக இருக்கும்போது கொஞ்சமாகப் போடுங்கள். பின்னேரத்தில் போடுங்கள். ஷ்லையே வெளிச்சத்தில் சாப்பிடாது" என்றார். கொட்டிலில் இருந்த தீனில் ஒரு கைப்பிடி போட்டுவிட்டு ஃபோனில் வீடியோப் படம் எடுத்தேன். செரி மரம் வெள்ளையாகப் பூத்து நின்றது. தண்ணீர் பச்சை. மீன் இல்லை. கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கூட்டமாக வந்தன, பிறகு வேறு வேறு இடங்களில். அவ்வளவுதான் படம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

படத்தைக் காட்டினேன். பதினொரு தரம் பார்த்தார். குமிழி வந்த ஒவ்வொரு இடத்தையும் இடது கை விரலால் தொட்டார். பிறகு அந்தக் கையை எனக்கு முன்னால் நீட்டி நாலு விரலைக் காட்டினார். நாலு இடம், நாலு மீன்.

என் முகத்தைப் பார்த்து இருபத்தைந்து நாளாக ஒரு விரல் அசையவில்லை. குமிழிக்கு நாலு விரல். நல்லது, எழுதி வைக்கிறேன்.

யூலியா கைதட்டினாள். "இதுதான், இதுதான். தினமும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவருக்குப் பேச வேண்டும் என்று ஆசை வர வேண்டும்" என்றாள்.

ஏப்ரல் 27

இரண்டு பஸ் மாறித் தோட்டம், அங்கிருந்து ஒரு பஸ் மருத்துவமனை. ஐந்து விரல். இடியப்பமும் சொதியும் கொண்டு போனேன், இடது கையால் தானே சாப்பிட்டார்.

மே 3

ஆறு விரலுக்கு ஒரு கை போதவில்லை. ஐந்தைக் காட்டிவிட்டு மூடி, பிறகு ஒன்றைக் காட்டினார். வாயைத் திறந்தார். ஏதோ வரப் பார்த்தது. "ம்" என்று மட்டும் வந்தது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கு இல்லை.

துவாரகா ஹம்பர்க்கிலிருந்து ஃபோன் எடுத்தாள். "அம்மா, வேலைக்கும் போய் ஹொஸ்பிட்டலுக்கும் போய், இதுக்குள்ள அந்தத் தோட்டத்தையும் ஏன் கட்டி அழுறீங்கள்? திருப்பிக் குடுங்கோ" என்றாள். மருத்துவமனைக்குப் போகிற வழியில்தானே என்றேன். வழியில் இல்லை, எதிர்ப் பக்கம். அவளுக்கு அது தெரியாது.

மே 11, சனி

குளத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீர் அவித்த கீரை நிறம். பாசி, அழுகிய இலை, கோலை விட்டால் ஒரு சாணுக்குச் சேறு. ஜூன் கடைசியில் இவரை வீட்டுக்கு விடக்கூடும் என்கிறார்கள். வந்து இதையா பார்ப்பது? ஃப்ராவ் நோவாக்கும் இல்லை, தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். கேட்பாரில்லாத குளம் போலக் கிடக்கிறது.

ஊரில் எங்கள் வீட்டில் வருசத்துக்கு ஒரு தரம் கிணறு இறைப்போம். முழுத் தண்ணீரையும் இறைத்து, ஆள் இறங்கிச் சேறு அள்ளி, சுவரை உரஞ்சிக் கழுவி, புது ஊற்று வரும்வரை காத்திருப்போம். நோயாளி இருக்கிற வீட்டில் கிணறு கலங்கலாக இருந்தால் ஊர் காறித் துப்பும். கொட்டிலில் பம்ப் இருந்தது. வேலையைத் தொடங்கினேன்.

மே 12, ஞாயிறு

முடித்தேன். முதுகு எனக்குச் சொந்தமில்லை என்பது போலக் கிடக்கிறது.

மீன்களை வலையால் அள்ளி உடுப்புத் தோய்க்கிற தொட்டிகளில் விட்டேன். ஏழு. இவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் என் முழங்கையளவு, பழைய பித்தளையில் பச்சை ஏறிய மாதிரி ஒரு நிறம். செதில் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு வழுவழுப்பு. சின்னச் சிவப்புக் கண். வாயின் இரண்டு பக்கமும் குட்டி மீசை. கையில் பிடித்தால் அதிகம் துள்ளவில்லை, பொறுமையாக என்னைப் பார்த்தன. இவருக்கு இதுகள் ஏன் பிடித்தன என்று கொஞ்சம் விளங்கியது.

சேற்றை வாளி வாளியாக அள்ளி வேலியோரம் குவித்தேன். அறுபது வாளிவரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். பாசியைப் பிடுங்கினேன். ரப்பரை உப்புப் போட்டு உரஞ்சி, மூன்று தரம் அலசி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். அடி தெரிகிறது. கண்ணாடி. ஏழு மீனும் பட்டப்பகலில் தெரிகின்றன. ஆறு வருசத்தில் முதல் தரம் இந்தக் குளத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. அருமையான படம் எடுத்திருக்கிறேன்.

மே 13, திங்கள்

படத்தைப் பார்த்தார். ஒரே ஒரு தரம். ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். யன்னல் பக்கம் திரும்பினார்.

இரண்டு நாள் முதுகு முறிய வேலை செய்த மனுசிக்கு இது தேவைதான். நன்றாயிருக்கிறது என்று தலையையாவது ஆட்டலாம். ஆட்டவில்லை. நானும் சொதியை மேசையில் வைத்துவிட்டு நேரத்தோடு வந்துவிட்டேன்.

மே 14

விரல் காட்டவில்லை. யூலியா என்ன மாறியது என்று கேட்டாள். ஒன்றும் மாறவில்லை, குளம் துப்பரவாகியிருக்கிறது என்றேன்.

மே 16

காலை வேலைக்கு முன் போனேன். குளக்கரையில் ஒரு சாம்பல் நாரை, என் நெஞ்சுயரம், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிற்பது போல நின்றது. நான் கத்திக்கொண்டு ஓடவும் அலட்சியமாக எழும்பிப் போனது. தண்ணீரில் ஐந்து மீன். ஒன்றின் முதுகில் ஆழமான குத்து. மற்றவை ஒளிக்க இடமில்லாமல் மூலையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

ஃப்ராவ் நோவாக் தங்கை வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தார். குளத்தைப் பார்த்தார். வேலியோரத்துச் சேற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன செய்தீர்கள்?"

"துப்பரவாக்கினேன்."

"இது குளியல் தொட்டியா?" என்றார். பிறகு நான் அழப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரல் இறங்கிவிட்டது. "ஷ்லையே சேற்றில் வாழ்கிற மீன். அதற்குள்தான் தீன் தேடும், அதற்குள்தான் படுக்கும். குளிர் காலத்தில் அதற்குள் புதைந்து தூங்கும். கலங்கல் தண்ணீரில் நாரைக்கு அது தெரியாது. அவர் ஆறு வருசமாகச் சேர்த்த சேறு அது. நீங்கள் வீட்டையே அள்ளி வெளியே கொட்டிவிட்டீர்கள்."

குளத்துக்கு மேலே இரண்டு பேருமாக வலை கட்டினோம். வேலைக்கு ஒன்றரை மணி நேரம் பிந்திப் போனேன்.

மே 17

காயப்பட்ட மீன் இப்போது எங்கள் மாடி வீட்டின் நிலவறையில், இவருடைய பழைய கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. சூடாக்குகிற கருவி ஒன்றும் வேண்டாம், குளிர்தான் அதற்கு நல்லது என்றார் ஃப்ராவ் நோவாக். முந்திய காலத்தில் இந்த மீனை மீன்களின் வைத்தியர் என்பார்களாம், இதன் வழுவழுப்புப் பட்டால் மற்ற மீன்களுக்கு நோய் மாறுமாம். "அப்ப தன்ர காயத்தைத் தானே மாத்தட்டும்" என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன். தினமும் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.

இவருக்கு இதைச் சொல்லப் போவதில்லை. டாக்டர் மனம் நோகக்கூடாது என்றிருக்கிறார். பழைய படங்கள் ஃபோனில் இருபதுக்கு மேல் இருக்கின்றன. இன்று ஒன்றைக் காட்டி, நேற்று எடுத்தது, தண்ணீர் பழையபடி கலங்கிவிட்டது என்றேன். பார்த்தார். மூன்று விரல் காட்டினார். அப்பாடா.

மே 24

பழைய படம். ஐந்து விரல். யூலியாவுக்குச் சந்தோசம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இவருடைய சட்டையை மடித்தேன்.

மே 30

நிலவறை மீன் இன்று ஒரு துண்டு மண்புழு சாப்பிட்டது. தொட்டிக்கு முன்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தியிருந்தேன். வேலையில் நடந்தது, துவாரகா சொன்னது, மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரர் இரண்டாம் தரம் விழுந்தது, எல்லாவற்றையும் அதற்குச் சொன்னேன். இதாவது வாயைத் திறக்கிறது.

இவர் இனிப் பேசாமலே போய்விட்டால் நான் வீட்டில் யாரோடு சண்டை பிடிப்பது? முப்பத்தொரு வருசம் அந்தச் சத்தத்தில்தான் வீடு இருந்தது. இதை யூலியாவுக்கு மொழிபெயர்க்கப் போவதில்லை.

ஜூன் 4

டாக்டரைக் கண்டேன். பத்து வாரமாகிவிட்டது என்றார். காலுக்குக் கெட்டிக்காரர் என்றார். பேச்சைப் பற்றிக் கேட்டேன். ஃபைலைப் புரட்டினார்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் தோட்டத்து மரத்தில் முதல் செரிப் பழங்கள் பழுத்திருந்தன. ஒரு கிண்ணம் பிடுங்கிக்கொண்டு போனேன். "நம்மட மரத்துப் பழம், இண்டைக்குக் காலமைதான் ஆய்ஞ்சனான்" என்று மேசையில் வைத்தேன். இவர் ஒன்றைச் சாப்பிட்டார். வழக்கம் போல ஃபோனை எடுத்து, "இது நேற்றையான் படம்" என்று கொடுத்தேன்.

பார்த்தார். படத்தை நிறுத்தினார். குளத்துக்குப் பின்னால் வெள்ளையாகப் பூத்து நிற்கிற செரி மரத்தில் விரலை வைத்தார். பிறகு கிண்ணத்தில் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மூன்று கிழமையாக இந்த மனுசன் என்னை நம்பிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"குளத்தை இறைச்சுப் போட்டனப்பா. கிணறு இறைக்கிற மாதிரி. சேறு முழுக்க அள்ளி வேலியோரம் கொட்டிப் போட்டன். உப்புப் போட்டு உரஞ்சினனான். தண்ணி கண்ணாடி மாதிரி வந்திட்டுது, பிறகு கலங்கவே இல்லை. நாரை வந்து ரெண்டைக் கொண்டு போட்டுது. ஒண்டு காயத்தோட நிலவறையில கிடக்கு. உங்களுக்குச் சொல்லப் பயத்தில பழைய படத்தைக் காட்டிக்கொண்டு திரிஞ்சன்."

முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இன்னொரு தரம் விழப் போகிறார், நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்து மணியை அழுத்தப் போனேன். இடது கையால் மேசையில் அடித்தார். செரிப் பழம் எல்லாம் நிலத்தில் உருண்டது. வாய் ஒரு பக்கம் கோணி, உதடு துடித்து, உள்ளேயிருந்து இழுத்து இழுத்து,

"வி... வி... விசரி" என்றார்.

தாதி ஓடி வந்தாள். நான் நிலத்தில் குந்தி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுபத்து நாலு நாளுக்குப் பிறகு என் புருசன் வாயில் வந்த முதல் சொல், என்னைப் பைத்தியம் என்று ஏசுகிற சொல். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றேன். சொன்னார். இரண்டாம் தரம் இன்னும் தெளிவாகச் சொன்னார். பிறகு கண்ணை மூடி, தேடி, இன்னொன்றை எடுத்தார்.

"சேறு."

"ஓம், சேறு. அங்கதான் கிடக்கு, வேலியோரம். எறியேல்ல. திருப்பிப் போடுறன்."

"போடு" என்றார். என் கையைப் பிடித்தார், விடவில்லை. சாப்பாட்டு வண்டி வந்த பிறகும் விடவில்லை.

ஜூன் 10

யூலியா அரை மணி நேரம் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். வீடு, மேசை, பூனை. ஒன்றும் வரவில்லை. நாரையின் படத்தைக் காட்டச் சொன்னேன். உடனே வந்தது, இங்கே எழுத முடியாத சொல். யூலியா அதை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டாள்.

ஜூன் 15, சனி

சேறு போட்டேன். மேலே காய்ந்து வெடித்திருந்தது, கீழே ஈரமாகத்தான் இருந்தது. வீடியோ அழைப்பில் ஃபோனை வேலியில் சாய்த்து வைத்தேன், இவர் மருத்துவமனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாளியைக் கவிழ்க்கப் போனால் "மெல்ல" என்பார். ஒரு பக்கமாகக் கொட்டினால் "அங்க" என்பார். இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் என்னை வேலை வாங்கினார். ஃப்ராவ் நோவாக் தன் குளத்திலிருந்து ஒரு கூடை நீர்ச்செடி கொண்டு வந்தார். துவாரகாவும் வந்து நாலு வாளி தூக்கினாள். தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 22

தண்ணீர் மறுபடி கலங்கல். மீன் ஒன்றும் தெரியவில்லை. நிலவறை மீனை வாளியில் பஸ்ஸில் கொண்டு போய் விட்டேன். முதுகில் வெள்ளைத் தழும்பு இருக்கிறது. ஒரு நிமிசம் கரையோரம் நின்றது, பிறகு அடியில் போய்விட்டது. நிலவறையில் தொட்டியைக் கழுவப் போனபோது கொஞ்சம் வெறுமையாக இருந்தது.

ஜூன் 29, சனி

இரண்டு நாளுக்கு வெளியே கூட்டிப் போகலாம் என்று அனுமதி தந்தார்கள். வீட்டுக்குப் போவோமா என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். நேரே தோட்டத்துக்கு.

குளக்கரையில் நாற்காலி போட்டு இருத்தினேன். பொல்லைக் காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். மூன்று கிழமையில் இருபது சொல் வரை சேர்ந்திருக்கிறது. சேறு, நாரை, தண்ணி, மெல்ல, தேத்தண்ணி, வலை. பாதி ஏச்சு. துவாரகாவின் பெயர் புதன்கிழமை வந்தது, அவள் ஃபோனிலேயே அழுதாள். எனக்கென்று விசரியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டு வாங்குகிற சாமான் இல்லையே அது.

வேலியோரத்தில் இன்னும் கொஞ்சம் சேறு மிச்சம் இருந்தது. நீர்ச்செடியின் வேரடிக்கு அதைக் கையால் அள்ளி வைக்கப் போனேன். முழங்கை வரை சேறு. இவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றேன்.

"இஞ்சேரும்."

எங்கள் பக்கத்தில் கட்டிய பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், இங்கே பாரும் என்கிற மாதிரி இப்படித்தான் கூப்பிடுவார்கள். கலியாணம் முடிந்த மறுநாள் காலை, தேத்தண்ணி கேட்க, இவர் என்னை முதல் தரம் அழைத்ததும் இந்தச் சொல்லால்தான். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருசம் குசினியிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும், பஸ்ஸில் இரண்டு இருக்கை தள்ளியிருந்தும் கூப்பிட்டிருக்கிறார். உலகத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைப் பார்ப்பார்.

"இஞ்சேரும்" என்றார் மறுபடி, கொஞ்சம் பொறுமை கெட்டு. "வந்து பாரும்."

நாற்காலிக்கு முன்னால், செடிக்குப் பக்கத்தில், சின்னச் சின்னக் குமிழிகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தன.

"வாறன், வாறன்" என்று கத்திக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.